கசந்தால்தான் நம்புவார்கள்

வங்கி மேனேஜர் ஓய்வு பெற்று வெகுநாளாகியும் அவர் குரல் மட்டும் இன்னும் பதவியில்தான் இருந்தது. கேக் பெட்டியைக் கண்ணாடி அலமாரிமேல் தொப்பென்று வைத்தார். பேக்கரியில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

"முதலாளி, இதுல சர்க்கரை இருக்கு."

"இல்லையே சார். சர்க்கரை இல்லாததுதான் கொடுத்தோம்."

"என்கிட்டயேவா? சர்க்கரை இல்லாததுன்னா கடைசியில நாக்குல ஒரு கசப்பு நிக்கணும். இது நல்லா இருக்கே!"

கடை முதலாளியான பெரியவருக்குக் காது மடல் சிவந்தது. அப்பா காலத்திலிருந்து கடை வாசலில் தொங்குவது குடும்பப் பெயர். எடையில் குறை, பழசைக் கலந்தார்கள் என்று எவரும் விரல் நீட்டியதில்லை. இன்று, நன்றாக இருக்கிறது என்று ஒருவர் குற்றம் சாட்டுகிறார்!

இந்தக் கேக் மருமகளின் யோசனை. முதலில் எரிந்து விழுந்தவர் இவர்தான். பிறகு, மருந்து வாடை போகும்வரை என் அலமாரியில் ஏறாது என்று நிபந்தனை போட்டார். அவளும் விடவில்லை. சர்க்கரைக்குப் பதில் இரண்டு விதமான இனிப்புத் தூளை மாற்றி மாற்றிக் கலந்து, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, குப்பைத் தொட்டி நிறையக் கேக்கைக் கொட்டி, ஒருவழியாகக் கசப்பை ஒழித்தாள்.

"உள்ள வாங்க, தூள் டப்பாவையே காட்டுறேன்" என்றார் பெரியவர்.

"டப்பாவுல என்ன வேணா போட்டு வைக்கலாம்."

பின்னால் நின்ற டீச்சரம்மா சேர்ந்துகொண்டார். "எனக்கும் சந்தேகம்தான். மூணு துண்டு சாப்பிட்டேன், திகட்டவே இல்ல. ஆனா அந்தத் தூளெல்லாம் கெமிக்கலாமே? அதுக்குச் சர்க்கரையே தேவலை."

"அப்ப சர்க்கரை போட்டதையே வாங்குங்கம்மா."

"ஐயோ, சர்க்கரை எனக்கு ஆகாதே!"

பெரியவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

கடை ஓய்ந்ததும் மருமகள் மாவுக் கையோடு வந்தாள். "மாமா, எலுமிச்சையை எடுத்துட்டு ஒரே தூளைப் போட்டா பழைய கசப்பு வந்துடும். அவங்க கேக்குறதும் அதைத்தானே?"

"கெடுத்து விக்கணுங்கிறியா?"

"ஏமாத்துக்காரங்கன்னு பேர் வாங்கறதைவிட மேல் இல்லையா?"

பெரியவர் எலுமிச்சைக் கூடையை அலமாரிக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் மேனேஜர் புதுக் கேக்கைக் கடித்தார். முகம் கோணியது. அப்புறம் மலர்ந்தது. "இது அசல்! நேத்தே இதைக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்றார், கடை முழுக்கக் கேட்க.

பெரியவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "சார், உங்களுக்காக வேணும்னே கெடுத்த கேக் இது. நேத்துக் கொடுத்ததுலயும் சர்க்கரை இல்ல."

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "விடுங்க முதலாளி. தப்பை ஒத்துக்கிட்டுத் திருத்திட்டீங்களே, அது பெரிய மனசு. ரெண்டு கட்டுங்க."

ஒத்துக்கொண்டாராம்! செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு வேறு!

பெரியவர் அந்த ட்ரேயை அப்படியே தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். "இந்தக் கடையில இனி நல்லா இருக்கிறது மட்டும்தான் கிடைக்கும். கசப்பு வேணும்னா எதிர்க் கடைக்குப் போங்க."

மேனேஜர் நிஜமாகவே தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

"வாடிக்கை போச்சே, மாமா."

"போகட்டும். எலுமிச்சையைச் சீவு."

அன்றும் கேக் வாங்க வந்திருந்த டீச்சரம்மா மட்டும் நகரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. இருந்தாலும் அந்த நேத்துக் கேக் இருந்தா நாலு துண்டு கட்டுங்க."