மாமா கண்டுபிடித்த ஆக்சிஜன்

டாக்டர் சொன்னதில் என் மாமா சுப்புராயனின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்: ஆக்சிஜன்.

மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது. அம்மாவின் கன்னத்தில் வந்த புற்றுக்கு இரண்டு வருஷம் முன்பு மெட்ராஸில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. புற்று போய்விட்டது. ஆனால் கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது. இப்போது அதே பக்கம் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. அப்படியே பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பு அழுகும், தாடையையே அறுத்து எடுக்க வேண்டிவரலாம். அதனால் முதலில் இருபது நாள், தினமும் கொஞ்ச நேரம், ஆள் படுக்கிற அளவுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து மூடி, அழுத்தம் ஏற்றி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். பிறகு பல்லைப் பிடுங்கிவிட்டு இன்னும் பத்து நாள்.

"அந்த அழுத்தம்தாம்மா மருந்து. வெறும் காத்து இல்ல," என்றார் டாக்டர்.

மாமா தலையாட்டினார். மேடையில் அடுத்தவர் பேசும்போது ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

அந்த வருஷம்தான் மாமா ஊரில் சங்கத் தலைவராகியிருந்தார். 1987, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். கேட்டது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பத்தாவது பாஸ் செய்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர். மறியலில் அடி வாங்கியதும் அவர்கள்தான். சால்வை வாங்கியது மாமா. கச்சிராயபாளையத்தில் யார் எதைக் கேட்டாலும் தான் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குள் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நாங்கள் மெட்ராஸ் கிளம்ப வேண்டிய வாரம் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். "ஒரு வாரம் கழிச்சுப் போலாம் மாமா," என்றேன். அப்போது வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேர் முன்னால் மாமா யோசிப்பதில்லை, அறிவிப்பார்.

"ஆக்சிஜன்னா இன்னா? காத்து. மெட்ராஸ்ல இன்னா காத்து கீது, பஸ்ஸு பொகை! நம்ம தலைக்கு மேலயே கல்வராயன் மலை கீது. மரம் ஜாஸ்தி, பொகை கம்மி. ஒரு மண்டலம் மேல இருந்தா எல்லாம் ஆறிப்பூடும்."

"அண்ணன் சொல்றது கரெக்ட்டுங்க," என்றார் கொளஞ்சியப்பன். மாமா தும்மினாலும் கரெக்ட் என்பவர்.

மறியல் முடிந்தது, பஸ் ஓடியது. மாமாவின் வாக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஜீப் வைத்து அம்மாவையும் என்னையும் மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பால் வெள்ளையன் வீட்டில் இறக்கினார். வெள்ளையன் அங்கே சாமை பயிரிடுகிறவர், மாமாவுக்கு ஆடு விற்றுப் பழக்கம்.

"தங்கச்சி இங்க நல்லா இழுத்து இழுத்து மூச்சு வுடணும். பாத்துக்க," என்று சொல்லிவிட்டு மாமா இறங்கிப் போனார்.

வெள்ளையன் ஜீப் மறையும்வரை காத்திருந்தார். "நெசமாவே காத்துக்குத்தான் வந்தீங்களாம்மா?"

அம்மாவின் வாய் ஒன்றரை விரல் அளவுதான் திறக்கும். "எங்கண்ணன் அனுப்பிச்சான்," என்றாள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி செங்கம்மாள் சிரித்தாள். "இந்தக் காத்துல நோவு போவுதுன்னா, நாங்க எதுக்கு ஆளுங்கள டோலி கட்டிக் கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடறோம்? இத்தினி வருசமா மூச்ச அடக்கிக்கினா கெடக்கறோம்?"

அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வலித்தது.

பத்து நாளில் வலி காதுக்கு ஏறியது. சாமைக் கஞ்சியை ஸ்பூனால் உதட்டு ஓரத்தில் ஊற்றினேன். பதினோராம் நாள் மாமா வந்தார், கூடவே சங்கராபுரத்தில் பல் பிடுங்குகிற வேடியப்பன்.

"பத்து நாள் காத்து ஏறிடுச்சு. இனிமே புடுங்கலாம்," என்றார் மாமா.

வேடியப்பன் பையைத் திறந்து குறடை எடுத்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். "இது கரண்ட் வெச்ச தாடைங்க."

குறடு பைக்குள் திரும்பிப் போனது. "இன்னா அண்ணே, இத்தச் சொல்லவே இல்லியே நீங்க! நாளைக்கு தாடை அழுகினா யாரு பதில் சொல்றது?"

மாமா பையைத் தானே மூடி வேடியப்பன் கையில் கொடுத்தார். பிறகு, "சரி, மண்டலம் முடியட்டும்," என்றார்.

மறுநாள் காலை அம்மா தன் துணிகளைத் தானே மடித்தாள். கீழே கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாமாவின் ஆட்கள் இருப்பார்கள். அதனால் வெள்ளையன் எங்களை மேற்குப் பக்கம், கருமந்துறைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பஸ்ஸில் சேலம், பிறகு மெட்ராஸ்.

ஒரு பொறி பட்டாலும் ஆக்சிஜனில் எல்லாம் பற்றிக்கொள்ளும் என்பதால் எண்ணெய் வைக்காத தலை, ஆஸ்பத்திரிப் பருத்தி அங்கி. இருபது நாள் அம்மா குழாய்க்குள் போய் வந்தாள். பல்லைப் பிடுங்கினார்கள். பிறகும் குழாய் தொடர்ந்தது. பிடுங்கிய எட்டாம் நாள் டாக்டர் டார்ச் அடித்துக் காட்டினார். குழியில் புதுச் சதை, ரோஜா நிறத்தில்.

அன்றைக்குத்தான் மாமா வந்தார், டெரிலின் சட்டையும் பாக்கெட்டில் தீப்பெட்டியுமாக. தீப்பெட்டியை வெளியே வைக்கச் சொன்னதே அவருக்கு அவமானம்.

"ஆறுதா? ஆறாம இன்னா பண்ணும்," என்றார் குழாயை இயக்குகிற ஆளிடம். "மலைக்காத்து போட்ட அஸ்திவாரம் சார் அது."

பிறகு கண்ணாடியைத் தட்டினார். உள்ளே படுத்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். மாமா கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

இயக்குகிறவர் ரிசீவரை எடுத்து அம்மாவுக்குக் காட்டினார். "உங்க அண்ணன் பேசணுமாம். லைன் குடுக்கட்டுமா?"

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நல்லா இழுத்து மூச்சு விட்டாள்.