தரையில் கிடந்த காகிதம்

பக்குரங்கா புறநகரில் அந்த வீட்டுக் கதவைத் திறந்ததுமே நவரத்தினத்துக்கு எரிச்சல் ஏறிவிட்டது. கூடம் முழுக்கக் காகிதம். சோபாவின் அடியில் தொடங்கி, நடைவழியில் வளைந்து, குளியலறைக் கதவுவரை வரிசை வரிசையாகக் காகிதம். கால் வைக்க இடமில்லை.

"இதென்ன, குப்பையைக் கொட்டி வச்ச மாதிரி?"

"குப்பை இல்லண்ணே, கதை" என்றான் பழனிவேல். நகரின் மறுகோடியில், ஹென்டர்சனில், வீடு மாற்றும் லாரி வைத்திருப்பவன். வயதில் இளையவன் என்றாலும் நவரத்தினத்துக்கு முதலாளி. "இந்த வீட்டுப் பெரியவரு எழுத்தாளராம். இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்னு ஒரு நாடு, அந்த ஊரு பாஷைல எழுதுவாராம். போன வருஷம் செத்துட்டாரு. அவரு எழுதினது, அடிச்சுத் திருத்தினது, கிறுக்கினது எல்லாத்தையும் அந்த ஊரு லைப்ரரி கேட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள துறைமுகத்துல சேர்த்தா கப்பல்ல போயிடும்."

"கிறுக்கினதுமோ?"

"அதான் முக்கியமாம்."

எழுத்தாளரின் மகள் நெரிஸ், "காகிதங்கள் பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பால் வாங்கத் தெருமுனைக் கடையான டெயரிக்குப் போயிருந்தாள். முதலில் சோபாவை வெளியே எடுக்க வேண்டும். நவரத்தினம் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

எழுத்துள்ள காகிதத்தை எப்படி மிதிப்பது? தெரியாமல் கால் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் அவர். அதுவும் முப்பது வயது கடந்து, சீமெந்து மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலால் 'அ' போடப் பழகியவர். எழுத்து அவருக்கு லேசில் கிடைத்த சாமான் இல்லை. இங்கே ஒரு படித்த பெண் அதைப் பாய் மாதிரி விரித்து வைத்திருக்கிறாள்!

"தாண்டிப் போவமோ?"

"ஐயையோ, சரஸ்வதிண்ணே! தாண்டவும் கூடாது. எடுத்து மேசை மேல வைங்க."

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். வேலையென்றால் நவரத்தினத்துக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். பெரிய தாளோடு பெரிய தாள், சின்னத்தோடு சின்னது, மஞ்சள் தாள் தனி. ஓரங்களை மேசையில் தட்டிச் சமப்படுத்தி, கடைசியில் ஒருதரம் கண்ணில் ஒற்றியும் வைத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது.

பால் புட்டியோடு வந்த நெரிஸ் வாசலில் நின்றாள். வெறுந்தரையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள்.

"என்ன செய்தீர்கள்?"

"பத்திரமாக எடுத்து வைத்துவிட்டோம், மேடம்" என்றான் பழனிவேல், தனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் அப்பா ஒரே அத்தியாயத்தைப் பலமுறை எழுதியவர். பக்க எண் போடுகிற பழக்கம் கிடையாது. எதை முதலில் எழுதினார், எதை எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அவர் வைத்துவிட்டுப் போன வரிசையில்தான் இருந்தது. அந்த வரிசை குலையாமல் இழுப்பறைகளிலிருந்து எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். பெட்டிக்குள் போடுவதுதான் பாக்கி.

"அப்ப திரும்ப வாசிச்சு அடுக்கட்டுமே" என்றார் நவரத்தினம் தமிழில். பழனிவேல் மொழிபெயர்த்தான்.

"எனக்கு அந்த மொழி பாதிதான் தெரியும். அப்பா வெல்ஷில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன்."

நவரத்தினத்துக்குத் தன் மகள் பிரசாந்தியின் ஞாபகம் வந்தது. தமிழில் கேட்டால் அவளும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அந்த எரிச்சலும் இதோடு சேர்ந்துகொண்டது.

"மேசையில வைக்க வேண்டியதைத் தரையில வச்சிட்டு எங்களைக் குறை சொல்லுறா. நீங்கள் எல்லோ, பழனிவேல், எடுக்கச் சொன்னனீங்கள்?"

"நானா? நான் 'வைங்க'ன்னேன். பெருசு சின்னதுன்னு பிரிச்சது யாரு?"

"மஞ்சளைத் தனியப் போட்டது ஆர்?"

"கொஞ்சம் வாயை மூடுங்கள்!" என்றாள் நெரிஸ். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் வேல்ஸுக்குப் போன் போட்டாள். உலகத்தின் மறுபக்கம்; அங்கே இன்னும் முதல் நாள் இரவு. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நூலகரை எழுப்பி நெடுநேரம் பேசினாள். போனை வைத்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஊகித்து அடுக்க வேண்டாமாம். அப்படிச் செய்தால், எது அப்பாவின் வரிசை, எது மகளின் வரிசை என்று எவருக்குமே தெரியாமல் போகும். இப்போது இருக்கிறபடியே பெட்டியில் போட்டு அனுப்பட்டும். ஆனால் கலைத்தவர் யார், எப்படிக் கலைத்தார் என்று கலைத்தவரே எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே வைக்க வேண்டும். அந்தக் குறிப்பிலிருந்து ஆரம்பித்து, பழைய வரிசையை நூலகத்தார் மெல்ல மெல்லத் தேடிப் பார்த்துக்கொள்வார்களாம்.

"அண்ணே, நான் சோபாவைக் கட்டுறேன்" என்று பழனிவேல் நழுவினான்.

"எனக்கு இங்கிலிஸ் எழுத வராது பிள்ளை" என்றார் நவரத்தினம், அவளுக்கு விளங்காது என்று தெரிந்தே.

அவர் கையை விரித்ததிலேயே விஷயம் புரிந்து, அவள் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். "உங்கள் மொழியில் எழுதுங்கள். வாசிக்க ஆள் தேடுவது அவர்கள் பாடு."

நவரத்தினம் மேசையில் குனிந்தார். வியர்த்தது. ஒரு மூட்டையைத் தூக்கினால் இறக்கிவிடலாம். இது அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து எழுதினார். 'நானும் பழனிவேலும் கால் படக்கூடாது எண்டு எடுத்தனாங்கள். பெரிசு சின்னன் பாத்து அடுக்கினனாங்கள். வரிசை இருக்கிறது தெரியாது.'

கயிறு எடுக்க வந்த பழனிவேல் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என் பேரு எதுக்குண்ணே? நாளைக்கு அங்கிருந்து கேஸு கீஸுன்னு வந்தா? அடிங்க, அடிங்க."

சம்பளம் தருகிறவனாயிற்றே. நவரத்தினம் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு கோணலாகப் போய்ப் பக்கத்துச் சொல்லையும் வெட்டியது. பார்க்கவே அவமானமாக இருந்தது. இன்னொரு தாள் எடுத்து, தான் ஒருவனே செய்ததாக, ஒரு வெட்டும் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் தாளைக் கசக்கப் போன கையை நெரிஸ் பிடித்துக்கொண்டாள்.

"இரண்டும் போகும்."

"இது பிழை, மேடம்! நோ குட்!"

"தெரியும். அதனால்தான்."

அவள் இரண்டையும் ஒரு உறையில் வைத்தாள். அடித்தது மேலே, சுத்தமானது கீழே. கோட்டுக்கு அடியில் 'பழனிவேல்' என்ற பெயர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தது. நவரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"என்னண்ணே, என் பேரை எடுத்துட்டீங்களா?" வாசலிலிருந்து பழனிவேல் கத்தினான்.

"ஓம் ஓம், வெட்டியாச்சு."

நெரிஸ் காகிதக் கட்டுகளையும் உறையையும் பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஒட்டுகிற டேப் தேடி உள்ளே போனாள். சோபாவின் மறுமுனையைத் தூக்க வந்த நவரத்தினம் பெட்டிக்கு முன்னால் நின்றார். சுற்றிப் போக இடமில்லை. தாண்டத்தான் வேண்டும்.

"கடவுளே, இந்தப் பெண்ணுக்கு எத்தினை தரம் சொல்லுறது!"

பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். டேப்போடு வந்து நின்ற நெரிஸைக் கண்டதும், பேனாவை எடுத்து நீட்டிக்கொண்டு கேட்டார்:

"இதையும் எழுதவேணுமோ?"