அழாத பிள்ளைக்கு எடுத்த படம்

“தீட்டுகூட கழியல, அதுக்குள்ள புள்ள இடுப்புல கட்டுன இரும்ப அவுக்குறேங்கிறியே, நீயெல்லாம் பெத்தவளா?”

சிதம்பரத்து ஸ்கேன் சென்டர் வாசலில் நாத்தனார் ரத்தினம்மாள் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் டீ குடித்தவர்கள் கிளாஸோடு திரும்பினார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த சண்டை; பாதியில் விடுவாளா?

“உள்ள இருக்கிறது காந்தம் அண்ணி. ஊசி இருந்தாக்கூட இழுத்துடுமாம்,” என்றாள் பவானி.

“காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு நான் கட்டுனது. டேய் தம்பி, என்னடா மரமாட்டம் நிக்கிற?”

தம்பி ஞானசேகரன், பவானியின் கணவன், செல்போனில் சிக்னல் தேடினான். அக்காவும் மனைவியும் பேசும்போதெல்லாம் அவனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை.

பிறந்தபோது பிள்ளை அழவில்லை. ஆக்ஸிஜன் வைத்த பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். பார்க்க வந்த தெருவே, “புள்ளைன்னா இப்படி இருக்கணும், இருக்கிற எடமே தெரியல” என்று மெச்சிவிட்டுப் போனது. பால் கட்டி மார் கல்லாய்க் கிடந்த பவானிக்குத்தான் தெரியும், அது சப்பவே இல்லையென்று. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்திருக்கலாம், இந்த வாரமே படம் எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரும்பு கோத்த அரைக்கயிற்றைப் பவானி பல்லால் கடித்து அறுத்தாள். ரத்தினம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறை.

டெக்னீஷியன் பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றினான். “தூங்க வெச்சீங்களாம்மா? மிஷின் சத்தத்துக்கு எல்லாக் கொழந்தையும் வீல்னு கத்தும்.”

“இவன் கத்தமாட்டான்.”

சம்மட்டி அடிப்பதுபோல மிஷின் அடித்தது. பவானி கதவில் காதை வைத்தாள். அழுடா, ஒரே ஒரு தடவை அழுடா.

வெளியே வந்தபோது பிள்ளையின் கண் திறந்தே இருந்தது. அதுவரை ஓயாமல் பேசிய டெக்னீஷியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்தில் மூளையின் நடுவே இரண்டு பக்கமும் வெளுத்திருந்ததை டாக்டர் பேனாவால் காட்டினார். “பொறக்கும்போது மூச்சு முட்டினதுல வந்தது. கை கால் அசைவு கஷ்டமாத்தான் இருக்கும். இப்பவே பயிற்சி ஆரம்பிக்கணும்.”

“இரும்ப அவுத்த ஒடனே வந்துடுச்சுங்களா?” என்றாள் ரத்தினம்மாள்.

டாக்டர் மறுபடியும் விளக்கினார். கடலூர் வருவதற்குள் அந்த விளக்கம் காரிலேயே தொலைந்துபோனது. நன்றாயிருந்த பிள்ளையை மிஷினில் விட்டுக் கெடுத்தவள் என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது. “அக்கா சொல்றதுலயும்...” என்று ஞானசேகரன் இழுத்தான். முடிக்கவில்லை, முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

பிள்ளைக்கு எழிலன் என்று பேர் வைத்து, பயிற்சிக்குத் தூக்கிப்போக வசதியாகச் சிதம்பரத்திலேயே ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள் பவானி. பஞ்சாயத்துப் பேசி உறவை அறுத்துவிட்டு, 2011 ஆவணியில் தம்பிக்குக் காடாம்புலியூரில் பெண் எடுத்தாள் ரத்தினம்மாள். பவானி கதையில் அந்தப் பெண்ணிடம் தெரு எதைச் சொல்லாமல் விட்டது? முழுகாமல் இருப்பது தெரிந்ததுமே, பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மூன்றாம் மாதமே பெட்டியோடு கிளம்பியவள், இன்னும் திரும்பவில்லையாம்.