பழுப்புக் கோட்டு

கிரானியா சுவரிலிருந்த பொத்தானை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பைக் காலையிலேயே நிறுத்தியாகிவிட்டது. ஆனால் முன்னறை குளிர்ந்தபாடில்லை. அங்கேதான் அப்பா மாலக்கி திறந்த சவப்பெட்டியில் படுத்திருந்தார். மறுநாள் தேவாலயத்தில் அடக்கப் பூசைக்குக் கிளம்பும்வரை அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"இந்தச் சூட்டுல உடம்பு ராத்திரி தாங்காதும்மா," என்றார் பெட்டி கொண்டுவந்த ஹெனிகன். "எண்ணெய் பாய்லருன்னா அணைச்ச கொஞ்ச நேரத்துல வீடு சில்லுனு ஆயிடும். நீங்க சூடு வெளியே போகாம செவுத்துக்கெல்லாம் பஞ்சு வேற அடைச்சு வச்சிருக்கீங்க."

தம்பி ஃபெர்கல் தேநீர்க் கோப்பையோடு வழியை மறித்து நின்றான். ராஸ்காமன் வட்டாரம் முழுக்க வீட்டுப் பாய்லர்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் லாரி ஓட்டுகிறவன். அக்கா இந்த வீட்டுப் பாய்லரைப் பிடுங்கி எறிந்து ஹீட் பம்ப் வைத்ததிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்று பேசினான்.

"உயிரோட இருந்தப்ப நடுங்க விட்டே. செத்தப்புறம் வேக வைக்கிறியா?"

"மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே! கிறிஸ்துமஸ்ஸுக்கு வந்தவங்கதானே எல்லாரும்? அப்பா எப்படி உக்காந்திருந்தார்? கோட்டு, குல்லா, கழுத்துல கம்பளி. சொந்த வீட்டு அடுப்படியில! குளிர்தான் அவர் நெஞ்சை நிறுத்துச்சு. டாக்டர் என்ன வேணா எழுதிக்கட்டும்."

டப்ளினிலிருந்து அவள் வரும்போதெல்லாம் அப்பா அந்தப் பழுப்புக் கோட்டுக்குள் சுருண்டுகிடப்பார். கைகளை ஊதிக்கொண்டு, "உன் ஃப்ரிட்ஜ் ஜோரா ஓடுதும்மா" என்பார். அவளும் சும்மா விட்டதில்லை. கடைசியாகப் போனில் கத்தியிருந்தாள்: "குளிருல செத்தா போயிடுவீங்க?" சாவுச் செய்தி வந்ததிலிருந்து அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாகக் கை குலுக்கினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இதையா மாலக்கி ஐஸ் வீடுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்?"

கிரானியா அடுக்களைக்குப் போனாள். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ரொம்பக் குளிருச்சா? மறைக்காம சொல்லு."

"குளிரா? பனியனோட உக்காந்து சன்னலைத் திறந்து வச்சுக்குவார்."

"அப்ப அந்தக் கோட்டு?"

"உன் கார் சத்தம் கேட்டா ஓடிப்போய் மாட்டிக்குவார். நீ கிளம்பிப் போனதும் கழட்டுவார். கிறிஸ்துமஸ் அன்னிக்கு மனுஷனுக்கு வேர்த்து ஊத்திடுச்சு. மூச்சு விடாதேன்னு எனக்குக் கட்டளை வேற."

"எதுக்கும்மா?"

"உங்கிட்ட தோத்துட்டதா ஆயிடுமே." அம்மா அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

கிரானியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே முன்னறைக்குப் போய், அந்தப் பிடிவாதக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. போனாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டு சன்னல்களையும் விரியத் திறந்தாள். ஜனவரிக் காற்று உள்ளே பாய்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுக்களைப் பக்கம் நழுவினார்கள். ஃபெர்கல் மட்டும் வாசலில் நின்றான்.

"கடைசியிலயும் குளிருலதான் படுக்கப் போட்டே."

அம்மா சொன்னதை அவனிடம் போட்டு உடைக்க அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அதை விழுங்கினாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய பழுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஆமாப்பா, குளிரத்தான் குளிருது," என்றாள், வாசலுக்கும் கேட்கும்படியாக.

பிறகு கைகளை ஊதிக்கொண்டாள்.