சாவி பையில்

கப்பலில் வந்து இறங்கிய அந்தப் பழைய ஹைபிரிட் காரை வாங்கியதிலிருந்து டாக்ஸிக்காரனின் வாய் ஓயவில்லை. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி, சத்தமே கிடையாது. சாவியை நுழைக்கக்கூட வேண்டாம், சட்டைப் பையில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். கேட்டுக் கேட்டு அவன் அக்காவுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் பின்சீட்டருகே இருந்த பிளக் பாயிண்டை மட்டும் அவள் கும்பிடாத குறைதான். கரண்ட் போகும்போதெல்லாம் அதிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துத்தான் அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் ஓடியது. அது நின்றால் அப்பாவுக்கு மூச்சு இல்லை.

அன்று காலையில் போன கரண்ட் மத்தியானமாகியும் வரவில்லை. எதற்கும் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கட்டும் என்று அவன் பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கினான்.

“வண்டி ஆன்லதான் இருக்குக்கா. சத்தம் வராது. சத்தம் இல்லேன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்.”

சாவியோடு அவன் இறங்கியதும் கார் கீச் கீச்சென்று கத்தியது. இதற்கு வேறு வேலை இல்லை என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

பேட்டரி இறங்கினால் என்ஜின் தானாகவே கிளம்பும் என்று அவன் சொல்லவில்லை. அத்தனை பீற்றலில் அது ஒன்றுதான் விட்டுப்போயிற்று.

கிளம்பியது. ஆளில்லாத வண்டி உறுமியது, ஜன்னல் வழியே புகை வந்தது, அப்பா இருமினார். சத்தம் வந்தால் கோளாறு என்றுதானே அக்காவுக்குத் தோன்றும்? ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். வண்டி அடங்கியது. உள்ளே மிஷினும் நின்று, அதன் அபாய மணி வீறிட்டது.

பதறிப்போய் மறுபடி அமுக்கினாள். திரையில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ வந்தது. மறுபடியும் அதுவே. போன் செய்தாள்.

“ஆஃப் பண்ணிட்டேன்டா. இப்ப கிளம்ப மாட்டேங்குது.”

தம்பி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். “சாவி எங்கிட்ட இருக்குக்கா.”

சிலிண்டர் கடை ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் அப்பாவைத் தூக்கி மார்போடு சாய்த்துக்கொண்டு, கையில் கிடைத்த முறத்தால் விசிறினாள். அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த அவரது விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

தம்பி பைக்கைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். பையில் சாவி இருந்ததால் கார் அவனைப் பார்த்து விளக்கைச் சிமிட்டியது. ஒரே அமுக்கில் கிளம்பியது. உள்ளே மிஷின் ஓடத் தொடங்கி, அப்பாவின் மூக்குக் குழாயில் காற்று சீறியது.

“நிறுத்துடா. இப்ப அது யாருக்கு?” என்றாள் அக்கா.

அவனுக்கு நிறுத்தக் கை வரவில்லை.