ஐந்தாவது கதவு

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை. சின்னக் கார்களின் வகைகளை விளக்கி அரைப் பக்கம் எழுதித் தரும்படி ஒரு வார இதழ் கேட்டது. ‘நான்கு கதவு என்றால் செடான், ஐந்து கதவு என்றால் ஹேட்ச்பேக்’ என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. நண்பன் தீனதயாளனின் மனைவி கோகிலவாணியின் கால் நினைவுக்கு வந்துவிட்டது.

2.

முதல் தொடக்கம்: ‘கள்ளக்குறிச்சியில் பழைய கார் விற்கும் தெய்வசிகாமணி ஒரு பொய்யர்.’

(அடித்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘செடான்தான் வேண்டும் என்று தீனதயாளன் பிடிவாதமாக இருந்தான்.’

(பிடிவாதம் என்னுடையது.)

நடந்தது இதுதான். தீனதயாளன் நைனார்பாளையத்துக்காரன். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியர். கோகிலவாணி அங்கேயே கிராமச் செவிலியர். மலையூர்களுக்கு நடந்தே போய்த் தடுப்பூசி போடுபவர். கார் வாங்க என்னைத் துணைக்கு அழைத்தான் தீனதயாளன். தெய்வசிகாமணியின் கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று பின்னால் பெட்டி நீட்டிய செடான். மற்றது குட்டையான ஹேட்ச்பேக். அதை அவர் ‘அஞ்சு டோர் வண்டி’ என்றார்.

“நாலுதான் தெரியுது. அஞ்சாவது எங்க கீது?” என்றேன்.

அவர் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். “இதாங்க. கண்ணாடியோட சேந்து மேல போவுது பாருங்க, அதனால இதுவும் கதவுக் கணக்குல வரும். அந்த வண்டியில கண்ணாடி அப்டியே நின்னுக்கும், மூடி மட்டும் தெறக்கும். அது டிக்கி.” பின் இருக்கையை மடக்கிவிட்டு, அவசரத்துக்கு ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் என்றும் சொன்னார்.

நான் சிரித்தேன். வாத்தியாருக்குக் கார்தான் வேண்டும், வால் வெட்டிய வண்டி வேண்டாம் என்றேன். எழுதுகிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தீனதயாளன் நம்பினான். செடான் மலையேறியது.

3.

ஐப்பசி மழையில் ஒரு காலை, தடுப்பூசிப் பெட்டியோடு ஓடையைக் கடந்த கோகிலவாணி, பாசி படர்ந்த பாறையில், ஒரு வெண்ணிறப் பறவையைப் போல

(வேண்டாம். வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.)

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காகக் கீழே போயிருந்தது. தீனதயாளன் காரைக் கொண்டுவந்தான். கோகிலவாணி உயரமானவர். காலை நீட்டினால் கதவு மூடவில்லை. பின் இருக்கையும் மடங்கவில்லை. டிக்கி முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஆனால் அதற்கும் அவருக்கும் நடுவே தகரம். காலை மடக்கித்தான் ஏற்றினார்கள். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்தியதைத் தீனதயாளன் என்னிடம் ஒருமுறைதான் சொன்னான்.

எலும்பு சேர்ந்துவிட்டது. நரம்பு சேரவில்லை. வலது பாதம் மேலே தூக்காது. இப்போது சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிறார். ஊர்களுக்கு வேறொருவர் நடக்கிறார்.*

* படுத்து வந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை எனக்கு ஆறுதலாக மாற்றிக்கொள்ள மூன்று பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.

4.

இதுவரை எழுதியதைக் கோகிலவாணியிடம் படித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தீனதயாளன் வாசலில் காரைத் துடைத்துக்கினு இருந்தான் (அவன் பேச்சு என் எழுத்தில் ஏறிவிட்டது, இருக்கட்டும்).

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “கடையில நான் இல்லையாண்ணே?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நானுந்தான் வந்தேன். கடைக்காரரு சீட்ட மடக்கிக் காட்டும்போது பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். மலையில புள்ளத்தாச்சிங்கள ஏத்திக்கினு போவ அது ஒதவும்னு தோணிச்சி. சொல்ல வாயெடுத்தேன். நீங்க சிரிச்சிங்க.”

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. டீ ஆறுகிறது என்றார்.

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அவரை அங்கே நிறுத்திவைக்க முயன்றேன். ‘கோகிலவாணி பச்சைப் புடவையில்’ என்று எழுதினேன். எந்தப் புடவை என்று எனக்குத் தெரியாது. அன்று நான் அவரைப் பார்க்கவே இல்லை. அதனால் அந்தப் பகுதியை அப்படியே விட்டிருக்கிறேன். அதில் அவர் இல்லாததுதான் உண்மை.

5.

முடிவாக இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் என்னை மன்னிக்கிறார். இன்னொன்றில் மறுபடியும் மலையூருக்கு நடந்து போகிறார். இரண்டையும் எனக்காகவே எழுதியிருந்தேன்.

நேற்று தீனதயாளன் போன் செய்தான். செடானை விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறானாம். “ஞாயித்துக்கெழம கடைக்கு வந்துடுங்கண்ணே. கோகிலாவும் வருது. உங்கள கண்டிப்பா கூட்டினு வரச் சொல்லுச்சி.”

ஏன் வரச் சொன்னார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று சனிக்கிழமை. இதை எழுதுகிற எனக்கு அந்தக் காரணம் தெரியவில்லை. படிக்கிற உங்களுக்குத் தெரிந்தால், விடிவதற்குள் சொல்லுங்கள்.