ஆயிரம் பேர் நிற்கும் பாலம்

பாலம் தாங்க வேண்டிய பாரத்தை மூன்றாவது முறையாக நான் கூட்டச் சொன்னதும் படம் வரைந்து தரும் பெண் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், இது நடைபாலம். இதுல ரயில் போகப்போறதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளத்தில் போன பழைய பாலத்துக்குக் கணக்குப் போட்டவனும் நான்தான். ஆட்கள் நடந்து போவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு பொங்கினால் அக்கரை மொத்தமும் பாலத்துக்கு வந்து, ஒரே பக்கக் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்க்கும் என்று தோன்றவே இல்லை. விதிப்படி எல்லாம் சரி என்று எழுதி விசாரணையில் என்னை விட்டுவிட்டார்கள். என்னால்தான் என்னை விட முடியவில்லை.

"இந்தக் கனத்துக்கு அஸ்திவாரம் பத்தாது சார். மறுபடி தோண்டணும். மழைக்கு முன்னாடி முடியவே முடியாது."

மழை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அக்கரையில் இருக்கும் அத்தானுக்கு வாரம் இரண்டு முறை இக்கரை மருத்துவமனையில் டயாலிசிஸ். இரண்டு தடவை தவறினால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். என்னோடு வந்து இருங்கள் என்றால் அக்கா கேட்பதில்லை. அன்று பாலத்தில் நின்ற அவள் மகள் இன்னும் கிடைக்கவில்லை. வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். இவ்வளவும் தெரிந்துதான் நான் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அன்று மதியம் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா என் அலுவலகத்துக்குள் வந்தாள். அத்தான் வாசல் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பழைய பாலத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மேஜையில் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல எத்தனை பேர் நிக்கலாம்?"

"ஆயிரம் பேர். எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சாலும் தாங்கும்க்கா."

அக்கரையிலிருந்து இக்கரைவரை படத்தின்மேல் விரலை மெல்ல இழுத்தாள்.

"நாங்க இப்போ அவ்ளோ பேர் இல்லடா. அத்தானைப் பாரு. அவரு என்ன கனம் இருக்கப்போறாரு?"

படம் வரையும் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

"படகுக்கு நேரமாச்சு," என்றாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். காலையில் தெரிந்த படித்துறைப் படிகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போயிருந்தன. படகுக்காரர் அத்தானைத் தூக்கி ஒரு பக்கப் பலகையில் உட்காரவைத்தார். பின்னால் ஏறிய அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு படகு சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.